சைலன்சர் வந்தது, குழல் குட்டையானது

இன்று நார்வேயிலோ நியூசிலாந்திலோ மான் வேட்டைக்குக் கிளம்பும் ஒருவரின் ரைஃபிளையும், அவருடைய தாத்தா வைத்திருந்த ரைஃபிளையும் சுவரில் அருகருகே சாத்திவைத்தால் மொத்த நீளத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. தாத்தாவுடையதில் குழல் மட்டுமே 24 அங்குலம். பேரனுடையதில் குழல் 16 அல்லது 18 அங்குலத்தோடு நின்றுவிடும். மிச்ச நீளம் அதன் முனையில் திருகியிருக்கும் சைலன்சர். இரண்டும் தனித்தனியாக வந்த மாற்றங்கள் அல்ல. 24 அங்குலக் குழலின் நுனியில் இன்னும் ஏழெட்டு அங்குலம் சேர்ந்தால் புதருக்குள் திரும்ப முடியாது, வண்டியிலிருந்து லகுவாக இறக்க முடியாது, முன்பாரம் கையை இழுக்கும். அதனால் சைலன்சர் பரவிய நாடுகளிலெல்லாம் குழலின் நீளம் குறைந்தது.

விவாதம் மட்டும் இன்றைக்கும் இரண்டு திண்ணைகளில் நடக்கிறது. சைலன்சரை ஆதரிப்பவர் காதைப் பற்றிப் பேசுகிறார். குட்டைக் குழலை எதிர்ப்பவர் குண்டின் வேகத்தைப் பற்றிப் பேசுகிறார். சட்டம் எழுதுபவரோ இரண்டையும் விட்டுவிட்டுக் கொலைக் குற்றத்தைப் பற்றிப் பேசுகிறார். காதுக்குக் கிடைக்கும் லாபத்துக்கான விலையைக் குழல்தான் கட்டுகிறது. அந்த விலை எவ்வளவு, அதை எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்பதே கேள்வி.

சைலன்சரின் பிறப்பில் ஒரு குடும்பக் கதை உண்டு. இயந்திரத் துப்பாக்கியை 1884-ல் உருவாக்கிய ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம், வாழ்நாளெல்லாம் தன் துப்பாக்கிகளின் ஓசையிலேயே நின்று பிற்காலத்தில் காது கேளாதவரானார். அவருடைய மகன் ஹைரம் பெர்சி மாக்சிம் 1909-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் குழாய்க்கு. அப்பாவின் காதைப் பார்த்துத்தான் மகன் அதைச் செய்தார் என்று சொல்ல ஆசையாக இருக்கும். ஆனால் இருவருக்கும் ஆகாது, ஆளுக்கொரு கண்டத்தில் வாழ்ந்தார்கள். மகனுக்கு மோட்டார் வாகனங்களிலும் ஈடுபாடு இருந்தது. மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயில் இருக்கும் சைலன்சர் என்ன செய்கிறதோ அதையேதான் இதுவும் செய்கிறது. உயர் அழுத்தத்தில் பாய்ந்துவரும் வாயுவை உடனே வெளியே விடாமல், தடுப்புத் தட்டுகள் கொண்ட அறைகளில் சுழலவிட்டு, விரியவைத்து, குளிரவைத்து மெதுவாக அனுப்புகிறது. தியோடர் ரூஸ்வெல்ட்கூடத் தன் வின்செஸ்டர் ரைஃபிள் ஒன்றில் மாக்சிமின் சைலன்சரைப் பொருத்தி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அது யாரும் கடையில் வாங்கக்கூடிய விளையாட்டுச் சாமான்.

இனி அது உண்மையில் எவ்வளவு அடக்குகிறது என்று பார்ப்போம். பெரிய விலங்குகளுக்கான ரைஃபிள் ஒன்றின் சத்தம் உச்சத்தில் 160 முதல் 170 டெசிபல் வரை போகும். நல்ல சைலன்சர் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். டெசிபல் கணக்கு கூட்டல் கழித்தலில் போவதல்ல. 30 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்காகிறது. ஆனாலும் மிஞ்சுவது 130, 140 டெசிபல். திடீர் ஓசைக்கு 140 டெசிபலைத்தான் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகள் உச்ச எல்லையாக வைத்திருக்கின்றன. எனவே சைலன்சர் ரைஃபிளை ஊமையாக்குவதில்லை. காதைக் கெடுக்கும் எல்லையிலிருந்து அந்த எல்லையின் விளிம்புவரை இறக்கிவைக்கிறது. சினிமாவில் கேட்கும் ‘புஸ்’ சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொரு சத்தத்தைச் சைலன்சரால் தொடவே முடியாது. ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. .308 வின்செஸ்டர் குண்டு 800 மீட்டருக்கு மேல் போகிறது. ஒலியை முந்திப் பறக்கும் குண்டு, வழிநெடுகச் சாட்டை சொடுக்கியதுபோன்ற வெடிப்பொலியை எழுப்பிக்கொண்டே போகும். காட்டில் நடைபோகிற ஒருவர் அதைத் தெளிவாகவே கேட்பார்; எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் திணறுவார். மானுக்கும் அப்படித்தான். சுட்டவர் நின்ற திசை தெரியாமல் கூட்டம் ஓடாமல் நின்று சுற்றுமுற்றும் பார்க்கிறது என்று, எண்ணிக்கையைக் குறைப்பதற்காக மான்களைச் சுடும் தொழில்முறை வேட்டையாளர்கள் சொல்வதுண்டு.

குண்டை ஒலியைவிட மெதுவாக அனுப்பினால் அந்த வெடிப்பும் போய்விடும். .300 பிளாக்அவுட் தோட்டாவின் கனமான, மெதுவான வகை அப்படிப்பட்டது. ஆனால் அதன் ஆற்றல் எழுநூறு ஜூலைச் சுற்றித்தான் இருக்கும். ஜெர்மனியின் கூட்டாட்சி வேட்டைச் சட்டமோ சிறிய ரோ மானுக்கே 100 மீட்டரில் 1000 ஜூல் வேண்டும் என்கிறது. காட்டுப்பன்றிக்கும் செம்மானுக்கும் 2000 ஜூல். உண்மையிலேயே அமைதியான துப்பாக்கி அங்கே மானைச் சுடச் சட்டப்படி உதவாது. விலங்கைக் குற்றுயிராக விடாமல் கொல்ல வேண்டும் என்ற விதியே, ஓசையில்லாத வேட்டைக்கும் தடையாகிவிடுகிறது.

காதைப் பற்றிய வாதம் வலுவானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பீவர் டாம் ஊரில் நடந்த நீண்டகாலச் செவித்திறன் ஆய்வின் ஒரு பகுதி 2000-ல் வெளியானது. அதில் வேட்டைக்காரர்களில் 95 விழுக்காட்டினர், முந்தைய ஓராண்டில் வேட்டையின்போது ஒருமுறைகூடக் காதுக் காப்பு அணியவில்லை என்றார்கள். வேட்டையாடிய ஒவ்வோர் ஐந்து ஆண்டுக்கும், உயர் அதிர்வெண்களில் கடுமையான செவிக்குறைவு வரும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியது. வலக்கைக்காரர்களுக்கு இடது காதுதான் முதலில் போகும். ரைஃபிளைத் தோளில் வைத்துத் தலையைச் சாய்க்கும்போது இடது காது குழல் வாயை நோக்கித் திறந்திருக்கிறது, வலது காது தலையின் மறைவில் இருக்கிறது. உள்காதில் உள்ள மயிரணுக்கள் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

காதில் மாட்டிக்கொள்வதற்கு என்ன என்று கேட்கலாம். ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2018 நவம்பரில் அதையேதான் கேட்டது: மெல்லிய ஒலியை உள்ளே விட்டு வெடியோசையை மட்டும் தடுக்கும் மின்னணுக் காதுக்காப்பு இருக்கும்போது வேட்டைக்காரருக்குச் சைலன்சர் எதற்கு? படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. காட்டில் சருகு மிதிபடும் ஓசைக்காக மணிக்கணக்கில் காதைத் தீட்டிக்கொண்டிருப்பவர் ஏன் அதை மாட்டுவதில்லை என்பதற்குப் பீவர் டாமின் 95 விழுக்காடே பதில். அதோடு நாயையும் கணக்கில் எடுக்க வேண்டும். நார்வேயின் மூஸ் வேட்டையில் ஒரு முறை, நாயைக் கயிற்றில் பிடித்தபடி மோப்பத்தைப் பின்தொடர்ந்து போவது. மூஸ் கண்ணில் பட்டதும் வேட்டைக்காரர் மண்டியிடுவார், கயிறு முழங்காலடியில் போகும், நாய் அவருடைய காலோடு ஒட்டி விறைத்து நிற்கும். குழல் வாய்க்கும் அதன் காதுக்கும் இடையே ஒரு மீட்டர் இருக்கலாம். அந்த நாய்க்கு யாரும் காதுக்காப்பு மாட்டிவிடுவதில்லை. ஸ்காண்டிநேவியாவில் சைலன்சர் இவ்வளவு சகஜமானதற்கு நாயும் ஒரு காரணம்.

இதுவரை லாபக் கணக்கு. இன்னொரு லாபமும் உண்டு: வாயு மெதுவாக வெளியேறுவதால் தோளில் விழும் உதை ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. உதைக்கும் ஓசைக்கும் பயந்து விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் அனுபவசாலிகளுக்கும் உண்டு. அந்தப் பயம் போனால் குறி மேம்படும், காயத்தோடு தப்பும் மான் குறையும்.

இப்போது குழலுக்கு வருவோம். வேட்டை ரைஃபிளின் குழல் ஏன் நீளமாக இருந்தது? கரிமருந்துக் காலத்தில் வேகம் கிடைக்க நீளம் தேவைப்பட்டது. பிறகு புகையில்லா வெடிமருந்து வந்தபோதும், முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் கூடினால் குறி துல்லியமாகும் என்பதால் நீளம் நிலைத்தது. தொலைநோக்கி பொருத்தியபின் அந்தக் காரணமும் போயிற்று. வழக்கம் மட்டும் மிஞ்சியது. குட்டைக் குழல் புதுமோகம் என்று நினைப்பவர்கள் 1903-ன் மான்லிக்கர் ஷோனவர் கார்பைனைப் பார்க்க வேண்டும். ஆஸ்திரிய மலைச்சரிவுகளுக்கென்று அளவெடுத்ததுபோல, மரம் குழல் நுனிவரை ஓட, குழல் வெறும் 45 சென்டிமீட்டர். அதாவது 18 அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. நூறாண்டுக்கு முன்பே ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஆப்பிரிக்காவரை போனார்கள்.

குழலைக் குறைத்தால் துல்லியம் போகும் என்பது தவறான நம்பிக்கை. அதே தடிமனில் குட்டைக் குழல் விறைப்பாக இருக்கும், குறைவாக அதிரும். போவது வேகம். வெடிமருந்து எரிந்து குண்டைத் தள்ளும் தூரம் குறைகிறது. .308-ல் ஓர் அங்குலம் குறைந்தால் வினாடிக்கு ஏறக்குறைய 6 முதல் 8 மீட்டர் போகும். 24 அங்குலத்தில் 860 மீட்டர் வேகம் என்றால் 18 அங்குலத்தில் 815-ஐ ஒட்டி வரும். ஆற்றலில் பத்து விழுக்காடு இழப்பு. நூறு மீட்டரில் நிற்கும் மானுக்கு அந்தப் பத்து விழுக்காடு தெரியவே தெரியாது. .308 தோட்டா சிறியது, மருந்து கொஞ்சம், குழலின் முதல் பாதியிலேயே பெரும்பாலான வேலை முடிந்துவிடுகிறது. சைலன்சரோடு குட்டைக் குழல் போடுபவர்கள் அநேகமாக இதையோ, இதே அளவுள்ள 6.5 கிரீட்மோரையோ தேர்ந்தெடுப்பது தற்செயல் அல்ல.

மேக்னம் தோட்டாக்களில் கதை வேறு. .300 வின்செஸ்டர் மேக்னத்தில் .308-ஐவிட ஒன்றரை மடங்கு மருந்து இருக்கிறது. மெதுவாக எரியும் மருந்து, அதற்கு நீளம் வேண்டும். அதன் குழலை 18 அங்குலத்துக்கு வெட்டினால் கிடைக்கும் வேகம், முழுநீளக் குழல் கொண்ட பழைய .30-06 கொடுப்பதிலிருந்து அதிகம் விலகாது. உதை மட்டும் மேக்னத்துடையது. எரிந்து முடியாத மருந்தின் அழுத்தம் குழல் வாயில் வெடிப்பதால் சத்தமும் தீப்பிழம்பும் கூடுகின்றன; சைலன்சர் அடக்க வேண்டிய சுமையும் ஏறுகிறது. காதுக்காகத் தொடங்கிய மாற்றம் காதுக்கே எதிராகத் திரும்பும் இடம் இது. மேக்னத்தை வாங்கிக் குழலை வெட்டுவது காசைக் கொடுத்து உதையை வாங்குவதுதான்; .308-ஐ வாங்கியிருக்கலாம்.

குண்டின் உலோகம் மாறியதும் கணக்கைக் கொஞ்சம் இறுக்கியிருக்கிறது. ஈயம் இறைச்சியிலும் இரைதின்னும் பறவைகளின் வயிற்றிலும் சேர்வதால், டென்மார்க் 2024 ஏப்ரல் முதல் வேட்டை ரைஃபிள்களுக்கும் ஈயக் குண்டைத் தடை செய்துவிட்டது. மாற்றாக வந்த செம்புக் குண்டு ஈயத்தைவிடக் கடினம். இலக்கில் படும்போது பூப்போல விரிய அதற்கு நல்ல வேகம் வேண்டும்; பல குண்டுகளுக்கு வினாடிக்கு 550, 600 மீட்டர். அதற்குக் கீழே போனால் விரியாமல் ஊசிபோலத் துளைத்துக்கொண்டு போய்விடும், மான் அடிபட்டு ஓடும். 24 அங்குலத்திலிருந்து 18-க்கு இறங்கினால் அந்த வேகம் தீர்ந்துபோகும் தூரம் ஐம்பது அறுபது மீட்டர் முன்னால் வந்துவிடும். ஜெர்மனியில் பன்றிகளைக் கிளப்பிவிட்டு அருகிலிருந்து சுடும் வேட்டையில் இது ஒரு பொருட்டே அல்ல. நியூசிலாந்தின் தெற்கு ஆல்ப்ஸில் பள்ளத்தாக்குக்கு அந்தப்புறம் நிற்கும் தார் ஆட்டைச் சுடுபவருக்கு அந்த ஐம்பது மீட்டர் பெரிய விஷயம்.

ஸ்காட்லாந்தில் வேகம் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. செம்மானுக்குக் குண்டு குழலை விட்டு வெளியேறும்போது வினாடிக்கு 2450 அடி, அதாவது 747 மீட்டர் வேகமாவது இருக்க வேண்டும். குண்டின் குறைந்தபட்ச எடையை 100 கிரெய்னிலிருந்து 80-க்கு 2023-ல் இறக்கினார்கள், ஈயமற்ற குண்டுகளுக்கு வழிவிட, வேகத்தை இறக்கவில்லை. 16 அங்குல .308-ல் 180 கிரெய்ன் குண்டைப் போட்டால் இந்தக் கோட்டை ஒட்டி வந்துவிடும். குளிர்ந்த காலையில் வேகம் இன்னும் சற்றுக் குறையும். அங்கே குட்டைக் குழல் வைத்திருப்பவர் எடை குறைந்த குண்டுக்குப் போவதும், தன் ரைஃபிளின் வேகத்தை அளந்து பார்ப்பதும் புத்திசாலித்தனம்.

விற்பனைக் கையேடுகளில் வராத சில தொல்லைகளும் உண்டு. சைலன்சர் திருகியதும் குண்டு விழும் இடம் சற்று நகரும். அதோடுதான் குறி சரிபார்க்க வேண்டும், அதோடுதான் சுட வேண்டும். சுடச்சுட அது தளரும். இரண்டு மூன்று வெடிக்கு ஒருமுறை கையால் முறுக்கிப் பார்க்க வேண்டும். தொடர்ந்து சுட்டால் அதிலிருந்து எழும் சூடான காற்று தொலைநோக்கியின் முன் கானல்போல அலையும். எல்லாவற்றையும்விட மோசம் ஈரம். வெடிமருந்து எரியும்போது நீராவியும் புகைக்கரியும் சேர்ந்து உள்ளே படியும். உறைபனிக் காலையில் சுட்டுவிட்டு, சைலன்சரைக் கழற்றாமல் ரைஃபிளை உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தால், இரவோடு இரவாகக் குழல் வாயில் துரு பூக்கத் தொடங்கும். குண்டு கடைசியாகத் தொட்டுப்போகும் அந்த விளிம்பு கெட்டால் துல்லியம் போயிற்று. அனுபவப்பட்டவர் வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றும் முன் சைலன்சரைக் கழற்றுவார். குழல் வாயைத் துணியால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி, சைலன்சரைக் கணப்புக்குப் பக்கத்தில் நிறுத்திவைப்பார்.

சட்டங்களைப் பார்த்தால் நாடுகள் ஒரே சாதனத்தைப் பற்றித்தான் பேசுகின்றனவா என்று தோன்றும். நியூசிலாந்தில் சைலன்சருக்குத் தனி உரிமம் கிடையாது. கிறைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பின் 2019-ல் துப்பாக்கிச் சட்டத்தைக் கடுமையாக்கியபோதும் அதைத் தொடவில்லை. ஆனால் துப்பாக்கியின் மொத்த நீளம் 762 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது கைத்துப்பாக்கி என்ற வகைக்குப் போய்விடும். கடலுக்கு அந்தப்புறம் ஆஸ்திரேலியாவில் சாதாரண வேட்டைக்காரருக்குச் சைலன்சர் பெரும்பாலும் எட்டாக்கனி. கனடாவில் தடை. பிரிட்டனில் உரிமத்தில் எழுதி வாங்க வேண்டும். அந்த நடைமுறை தேவைதானா என்று 2025-ல் அரசே பொதுக்கருத்து கேட்டது. ஜெர்மனியில்தான் வேகமான திருப்பம். நீதிமன்றம் மறுத்த ஒன்றரை ஆண்டுக்குள், 2020-ன் ஆயுதச் சட்டத் திருத்தம் வேட்டை உரிமம் உள்ளவர்கள் தனியே தேவையை நிரூபிக்காமல் சைலன்சர் வாங்க வழிசெய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் ஜெர்மன் காட்டுப்பன்றிகளுக்குள் நுழைந்தது. ஊருக்கு அருகே இரவில் பன்றி சுட வேண்டிய தேவை வந்தபோது கருவி கையில் இருந்தது.

எதிர்ப்பு வெறும் சினிமாப் பயம் என்று தள்ளிவிட முடியாது. தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் காண்டாமிருகத்தைத் திருட்டுத்தனமாகச் சுடுபவர்கள் பெரிய ரைஃபிளில் சைலன்சர் மாட்டிக்கொண்டுதான் நுழைகிறார்கள். சத்தம் வந்த திசை தெரியாமல் போவது வேட்டைக்காரருக்கு நல்லதாக இருக்கலாம், வனக்காவலருக்கு அல்ல. அமெரிக்காவின் வர்ஜீனியா பீச்சில் 2019 மே 31 அன்று 12 பேரைக் கொன்றவன் கைத்துப்பாக்கியில் சைலன்சர் பொருத்தியிருந்தான். வேட்டை ரைஃபிளுக்கும் கைத்துப்பாக்கிக்கும் இயற்பியல் வேறு, ஆபத்தும் வேறு. ஜெர்மன் திருத்தம் இதைப் புரிந்துகொண்டு, வேட்டைக்குரிய நீளத் துப்பாக்கிக்கு மட்டும் சைலன்சரை அனுமதித்தது. இப்போதிருக்கும் சட்டங்களில் எனக்கு அதுவே அறிவார்ந்ததாகப் படுகிறது. பூங்காக்களில் திருட்டு வேட்டை பெரும் பிரச்சினையாக இருக்கும் நாடு அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லமாட்டேன்.

அமெரிக்கச் சட்டம் ஒரு விபத்தின் மிச்சம். 1934-ன் தேசியத் துப்பாக்கிச் சட்ட வரைவு முதலில் கைத்துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தவே வந்தது. ரைஃபிளை வெட்டிக் கைத்துப்பாக்கிபோல ஒளித்துவைத்து ஏமாற்றக்கூடாதே என்று குட்டைக் குழல் ரைஃபிளையும் சேர்த்தார்கள். எதிர்ப்பு வந்ததும் கைத்துப்பாக்கி பட்டியலிலிருந்து கழன்றுகொண்டது; அதற்காகச் சேர்த்த குட்டைக் குழல் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. முதலில் 18 அங்குலமாக இருந்த எல்லை, ரைஃபிளுக்கு 1960-ல் 16 ஆயிற்று. சைலன்சரும் அதே சட்டத்தில் அதே 200 டாலர் வரிக்குள் அடைபட்டது. அன்று அது சாதனத்தின் விலையைப் போலப் பல மடங்கு. அந்தத் தொகை தொண்ணூறு ஆண்டு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பணவீக்கம்தான் அதை மெல்ல மெல்லக் கரைத்தது.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கும் குட்டைக் குழல் ரைஃபிளுக்கும் அந்த வரியைப் பூஜ்யமாக்கியது. பதிவு, கைரேகை, பின்னணிச் சோதனை அப்படியே இருக்கின்றன. கலிஃபோர்னியா, நியூயார்க் உள்ளிட்ட எட்டு மாநிலங்களில் பொதுமக்களுக்குச் சைலன்சர் தடையும் அப்படியே. டெக்சாஸில் 16 அங்குல .308 வாங்குபவர் வழக்கமான சோதனை முடிந்ததும் அன்றே எடுத்துப்போகலாம். சைலன்சர் போட்டபின் இன்னும் கொஞ்சம் குட்டையாக இருந்தால் நல்லது என்று 15 அங்குலம் கேட்பவர் படிவம் நிரப்பி, விரல் பதித்து, மத்திய அரசின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும்.